கொன்றைவெளி விவசாயிகளுக்கான அடுத்த செயலமர்வு

2019ஆம் ஆண்டு மார்ச் பத்தாம் திகதி, ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, பாரிஸ் லா சப்பலில் இராஜதுரையின் பலசரக்குக் கடைக்குக் கீழேயுள்ள நிலவறையில் கொன்றைவெளி மக்கள் ஒன்றியம் நடத்திய வெங்காயச் செய்கைச் செயலமர்வுக்கு, வன்னியில் இருக்கிற அதே கொன்றைவெளியிலிருந்து பதினொரு விவசாயிகள் வந்திருந்தார்கள். விமானத்தில் வரவில்லை. விசாவும் எடுக்கவில்லை. நிலவறையின் மூலையில் நிலம் கூட்டுகிற தும்புத்தடி வைக்கிற அலுமாரியின் கதவை உள்ளிருந்து திறந்துகொண்டு, ஒருவர் பின் ஒருவராக, கால் கழுவிய ஈரம் காயாமல் வந்தார்கள். அன்றைக்கு லா சப்பலில் முருங்கைக்காய் கிலோ ஒன்பது யூரோ. மழை இல்லை.

காரணம் கேட்டால் எங்களிடம் இருப்பது ஒரே காரணம்தான். கொஞ்சமாவது புத்தி உள்ளவர்கள் என்றால் விவசாயிகளுக்கான செயலமர்வை விவசாயிகள் இருக்கிற இடத்தில் வைத்திருப்பார்கள். தலைவர் இராஜதுரை அதை லா சப்பலில் வைத்தார். குத்துவிளக்கு இங்கே, பொன்னாடை இங்கே, படம் எடுக்கிறவர் இங்கே, பிறகு எதற்கு அங்கே என்றார். போனை ஒரு முக்காலியில் நிறுத்திவிட்டால் ஊரிலிருந்து பார்ப்பார்கள் என்பது அவர் கணக்கு. ஆனால் அறிவித்தலின் அடியில், எங்கள் அறிவித்தல்கள் எல்லாவற்றிலும் இருக்கிற மாதிரி, இதைத் தனிப்பட்ட அழைப்பாக ஏற்றுத் தவறாது சமூகமளிக்கவும் என்று அச்சடித்து ஊர் வட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார். கொன்றைவெளியில் அழைத்த இடத்துக்குப் போகாமல் விடுகிற பழக்கம் இல்லை. அழைக்காவிட்டால் கூடப்பிறந்தவன் வீடென்றாலும் போகிற பழக்கம் இல்லை. ஆகவே அவர்கள் ஊரில் வழமையாக விவசாயிகளின் கூட்டம் நடக்கிற கமநல நிலையத்துக்குப் போனார்கள், பயிருக்கு மருந்து அடிக்கிற தாங்கிகள் வைத்திருக்கும் சிறிய அறையின் கதவைத் தள்ளினார்கள், எங்கள் நிலவறையில் வந்து நின்றார்கள். அங்கே அப்போது பிற்பகல் இரண்டரை மணி, வெயில் தணியும்வரை அவர்களுக்கும் வேலை இல்லை.

வரவு மேசையில் இருந்தவர் ஒன்றியச் செயலாளர் புனிதவதி. பாரிஸ் புறநகர் லா கூர்னெவ்வில் ஓர் அறையில் இருக்கிறார், விடியுமுன்னம் கந்தோர்கள் துப்புரவாக்கும் வேலை. கையெழுத்து நேர்த்தி என்பதால்தான் செயலாளர் ஆனார். அலுமாரிக்குள்ளிருந்து ஆட்கள் வருவதைக் கண்டு மற்றவர்கள் வாயைப் பிளந்துகொண்டு நிற்க, அவர் மட்டும் பதிவேட்டைத் திறந்து, குனிந்த தலை நிமிராமல் பெயர், முகவரி, பயிர் என்று கேட்டு எழுதத் தொடங்கினார். பதினோராவது ஆள் சஞ்சீவன் என்றார். எழுதினார். முகவரி கேட்டார். சொல்லப்பட்ட முகவரி புனிதவதி எட்டு மாதம் குடித்தனம் நடத்திய வீட்டினுடையது. அதையும் ஒரு எழுத்துப் பிசகாமல் எழுதி முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

சஞ்சீவன் அவருடைய கணவர். 2008இல் பிரிந்தவர்கள். யுத்தம் துரத்தத் துரத்த இடம்பெயர்ந்துகொண்டிருந்த நாளில் ஒரு கோயிலில் தாலி கட்டினார்கள், கலியாணம் பதிகிறவர் ஊரைவிட்டு ஓடியிருந்ததால் பதியவில்லை. வெளியே எடுக்க ஒரு ஆளுக்குத்தான் வழி கிடைத்தது, புனிதவதிக்குத்தான் ஆபத்து, அவரை அனுப்பினார்கள். இங்கே அகதி அட்டை கிடைத்தது. அந்த அட்டையோடு உலகத்தில் எந்த நாட்டுக்கும் போகலாம், அந்த ஒரு நாட்டைத் தவிர. இடையில் வேறொரு நாட்டில் சந்திக்க இருவரிடமும் காசு சேரவில்லை. கணவரைக் கூப்பிடலாம் என்று இரண்டு தரம் விண்ணப்பித்தார், கலியாணம் நடந்ததற்குப் பதிவுத் துண்டு எங்கே என்று இரண்டு தரமும் திருப்பிவிட்டார்கள். பிரெஞ்சுக் குடியுரிமை எடுத்தால் போய் வரலாம், அதற்கு மொழிப் பரீட்சை ஒன்று உண்டு, அதில் அவர் அதுவரை இரண்டு முறை தவறியிருந்தார். போனில் கதைத்தார்கள்தானே என்று நீங்கள் கேட்பீர்கள். கதைத்தார்கள். முகமும் தெரிந்தது. ஆனால் பிடரி மயிர் முழுக்க நரைத்திருந்தது போனில் தெரியவில்லை. சேர்ட்டில் வேப்பெண்ணெய் மணப்பதும் போனில் வரவில்லை.

"தேத்தண்ணி குடிக்கிறியளே?" என்று கேட்டார் புனிதவதி.

"ஓம்," என்றார் சஞ்சீவன்.

பதினொரு வருடத்துக்குப் பிறகு முப்பது பேருக்கு முன்னால் ஒரு புருசனும் பெண்சாதியும் வேறு என்னத்தைக் கதைப்பது?

செயலமர்வை நடத்தியவர் அந்துவான், புதுச்சேரிக்காரர், வேளாண்மைக் கந்தோரில் முப்பத்தைந்து வருடம் இருந்து ஓய்வுபெற்றவர். அந்த முப்பத்தைந்து வருடத்தில் மண்ணைக் கையால் தொட்டதில்லை, ஆனால் மண்ணைப் பற்றி எழுதப்பட்ட எல்லா அறிக்கையையும் தொட்டவர். "கேளுங்க, கொம்போஸ்ட்ல தண்ணி ஜாஸ்தி ஆனா அழுகிடும், வுவாலா," என்றார். விவசாயிகள் மரியாதையாகக் கொப்பியில் எழுதிக்கொண்டார்கள். பிறகு அவர்களில் ஒருவர் எழுந்து, ஐயா சொன்னது சரி, ஆனால் மாரியில் இப்படிச் செய்வது என்று சொல்ல, அந்துவான் தன் கொப்பியில் எழுதிக்கொண்டார். உண்மையைச் சொன்னால், எங்கள் ஒன்றியத்தின் வரலாற்றில் யாருக்காவது ஏதாவது பிரயோசனம் வந்த முதல் கூட்டம் அதுதான்.

வந்தவர்கள் நிலவறையைவிட்டு வெளியே போக முடியாது என்பது அன்றே தெரிந்துவிட்டது. படியேறிக் கடைக்குள் காலை வைத்தால் அந்தக் கால் கமநல நிலையத்து அறையில் போய் நிற்கும். நண்பகல் பன்னிரண்டானதும் கதிரைகள் வெறுமையாகிவிடும், கையில் கோப்பை இருந்தால் கோப்பையும் போய்விடும். இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் எவரும் போக முடியாது. இராஜதுரை ஒரு தரம் வேகமாக நடந்து பார்த்து அலுமாரியின் பின்பலகையில் நெற்றியை உடைத்துக்கொண்டார்.

அன்று பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்கச் சான்றிதழ் கொடுத்தார்கள். ஊரிலிருந்து பெயர் கொடுத்த கணக்குக்குப் பதினொன்று அச்சடித்திருந்தது. அதில் ஒன்றைத் தலைவர் பிரதம விருந்தினருக்குக் கொடுத்துவிட்டார், அவர் கேட்கவில்லை, இவருக்குத்தான் மனம் கேட்கவில்லை. வரிசையில் கடைசியாக நின்ற சஞ்சீவனுக்கு இல்லாமல் போனது. அடுத்த முறை தாறன் தம்பி என்று தோளில் தட்டினார். இரண்டு மாதம் கழித்து நடந்த அடுத்த செயலமர்வுக்குப் பழைய பதினொரு பேரையும் அழைத்திருந்தோம். புதியவர்கள் ஆறு பேர் வந்தார்கள், பழையவர்களில் சஞ்சீவன் மட்டும் வந்தார். சான்றிதழ் வாங்கிய பத்துப் பேரும் போனில் சொன்னார்கள்: குளித்து உடுத்துக்கொண்டு போய்க் கதவைத் தள்ளினோம், உள்ளே மருந்துத் தாங்கிகள்தான் இருந்தன. படித்து முடித்தவனுக்கு இங்கே என்ன வேலை என்று கதவு நினைத்திருக்கலாம்.

இதை எங்கள் எல்லோருக்கும் முதல் விளங்கிக்கொண்டவர் புனிதவதி. அன்றைக்கும் ஒரு சான்றிதழ் குறையும்படி பார்த்துக்கொண்டார். பிறகு நிர்வாகக் கூட்டத்தில் எழுந்து, வந்தவர் எல்லோருக்கும் சான்றிதழ் கொடுத்தால் சான்றிதழுக்கு என்ன மரியாதை, பரீட்சை ஒன்று வைக்கவேண்டும், பத்துக் கேள்வி, எட்டுப் புள்ளி எடுத்தால்தான் தேர்ச்சி என்று முன்மொழிந்தார். பரீட்சை என்றால் எங்கள் ஆட்களுக்கு மறுத்துச் சொல்ல வாய் வராது. ஏகமனதாக நிறைவேறியது. அறுபது வயதுத் தோட்டக்காரனைக் குந்தவைத்து வெங்காயத்தில் பரீட்சை எழுதவைப்பது சரியா என்று ஒருவரும் கேட்கவில்லை. கேள்வித்தாள் தயாரிப்பதும் திருத்துவதும் செயலாளர் பொறுப்பு என்று அவரே எழுதி அவரே வாசித்தார்.

முதல் பரீட்சையில் சஞ்சீவன் பத்துக்கும் சரியான விடை எழுதினார். கொன்றைவெளியில் வெங்காயத்தை அவரைவிடத் தெரிந்தவர் இல்லை. புனிதவதி மூன்று புள்ளி போட்டார். இரண்டாவதிலும் எல்லாம் சரி, நான்கு புள்ளி. திருத்திய தாளை வாங்கிப் பார்த்த சஞ்சீவன் மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். மூன்றாவது பரீட்சையிலிருந்து அவராகவே பிழையாக எழுதத் தொடங்கினார். சரியான விடைக்குப் பிழை போட்டால் அந்தப் பாவம் புனிதவதிக்கு, பிழையான விடைக்குப் பிழை போட்டால் ஒருவருக்கும் பாவமில்லை. அவர் பார்த்துவிட்டுத் திரும்பக் கொடுத்த அந்தத் தாள்கள் ஒன்றியத்தின் கோப்பில் இருக்கின்றன, நாங்கள் வாசித்திருக்கிறோம். வாசித்தது சரியில்லைதான். ஒரு வெங்காயத்துக்கும் அடுத்த வெங்காயத்துக்கும் எத்தனை அங்குல இடைவெளி என்று கேள்வி. நாலு அங்குலம் என்பது குழந்தைப்பிள்ளைக்கும் தெரியும். சஞ்சீவன் எழுதியது: ஒரு முழம். நீர் ஊருக்கு வந்தால் நடக்க இடம் வேணும். எத்தனை நாளுக்கு ஒருக்கால் தண்ணீர் இறைப்பீர் என்ற கேள்விக்கு: ஞாயிற்றுக்கிழமை இரண்டரை மணிக்கு, அந்த நேரம் வேற வேலை ஓடாது. அறுவடைக்கு ஆயத்தம் என்பதை எப்படி அறிவீர் என்ற கடைசிக் கேள்விக்கு, வெங்காயத்தாள் சாய்ந்ததும் என்று எழுதவேண்டும். அவர் எழுதியது: நீர் வந்த பிறகு. புனிதவதி ஒவ்வொன்றின் பக்கத்திலும் சிவப்புப் பேனையால் பிழை போட்டு, கீழே, கேள்வியை நன்றாக வாசித்து விடை எழுதவும் என்று குறிப்பெழுதினார். கடிதத்துக்குப் பதில் கடிதம். அது போதும் என்றுதான் இருந்தார்கள்.

ஐந்து வருடம் இப்படிப் போனது. கொரோனா நோய்க்காலத்தில் கூட்டம் வைக்கத் தடை. அந்த ஞாயிறுகளில் புனிதவதி வெளியே போவதற்கான அத்தெஸ்தாசியோன் படிவத்தை நிரப்பி எடுத்துக்கொண்டு, மளிகைச் சாமான் என்ற பெட்டியில் புள்ளடி போட்டு, லா கூர்னெவ்விலிருந்து வந்து, பத்து மணியிலிருந்து பன்னிரண்டு மணிவரை அலுமாரிக்கு முன்னால் கதிரை போட்டு இருந்துவிட்டுப் போனார். அறிவித்தல் போடவில்லை, ஆகவே எவரும் வரவில்லை. 2022இல் அங்கே உரமும் இல்லை எண்ணெயும் இல்லை, அந்த வருடம் நிலவறை நிரம்பி வழிந்தது, அந்துவான் தொண்டை அடைக்கும்வரை கூட்டெருவைப் பற்றிப் பேசினார். அந்த வருடத்துச் செப்டெம்பரில் ஒருநாள், பன்னிரண்டுக்கு ஒரு நிமிடம் இருக்க, புனிதவதி எல்லோரும் பார்க்கச் சஞ்சீவனின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். இராஜதுரை சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். பன்னிரண்டானதும் புனிதவதியின் கை காற்றைப் பொத்திக்கொண்டு இருந்தது. அடுத்த மாதம் மொழிப் பரீட்சையில் மூன்றாம் தரமும் தவறினார். அந்தப் பரீட்சையில் அவரை யாரும் அன்பினால் தவறவைக்கவில்லை.

ஊரில் சஞ்சீவனை வைத்துச் சிரித்தார்கள். வெங்காயத்தில் பத்தொன்பது தரம் பெயில் விட்ட ஒரே தோட்டக்காரன் என்றார்கள். அவரிடம் விதை கேட்டுப் போனவர்கள்கூட, பாஸ் பண்ணினவனிட்டைக் கேப்பம் என்று போகத் தொடங்கினார்கள். கூலிக்கு வேறு ஆட்களின் தோட்டத்தில்தான் வேலை செய்தார், ஏனென்றால் தகப்பனுடைய இரண்டு ஏக்கரும் யுத்தம் முடிந்த நாளிலிருந்து இராணுவத்தின் முட்கம்பிக்கு அந்தப் பக்கம் இருந்தது.

2024 நவம்பர் இருபத்துநாலாம் திகதிச் செயலமர்வுக்கு டிலானி என்று ஒரு புதிய பெண் வந்தார், கணவனை இழந்தவர், மிளகாய்த் தோட்டம். தேத்தண்ணி வாங்கும்போது புனிதவதியிடம் மெல்லக் கேட்டார்:

"அக்கா, அந்த அண்ணையை இந்த முறையாவது பாஸ் பண்ணி விடுங்கோவன். கம்பிக்கு அங்காலை இருக்கிற காணியளை விடப்போறாங்களாம். பயிற்சிச் சேர்ட்டிபிக்கற் உள்ளவைக்குத்தான் முதல். டிசம்பர் பதினைஞ்சுதான் கடைசி நாள். வேற எங்கை இப்ப பயிற்சி குடுக்கினம்?"

"அவர் எனக்கு ஒண்டும் சொல்லேல்லையே," என்றார் புனிதவதி.

"அவர் ஆருக்கும் சொல்லமாட்டார் அக்கா. விண்ணப்பமும் வாங்கேல்லை."

அப்போது பதினொன்றே கால். சஞ்சீவன் இரண்டாம் வரிசையில் இருந்து பரீட்சை எழுதிக்கொண்டிருந்தார். பதினொன்றரைக்குத் தாள்களைச் சேர்த்தார்கள். புனிதவதி அவருடைய தாளைக் கடைசியாக எடுத்தார். பத்தும் பிழை. ஒரு முழம். ஞாயிறு இரண்டரை. நீர் வந்த பிறகு. சிவப்புப் பேனையைக் கையில் வைத்துக்கொண்டு அவர் இருந்த நேரம் ஐந்து நிமிடத்துக்கு மேல் இருக்காது, ஆனால் எங்களில் பலருக்கு அன்றைக்கு மேசையடியில் தேவையில்லாத வேலைகள் வந்து சேர்ந்தன, எல்லோரும் பார்த்தோம். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை இரண்டு மணித்தியாலம், அவ்வளவுதான் இந்த உலகத்தில் அவருக்கு இருந்தது. பிறகு ஒவ்வொரு விடைக்கும் பக்கத்தில் சரி போட்டார். பத்துச் சரி. கீழே பத்துக்குப் பத்து என்று எழுதிக் கையெழுத்து வைத்தார்.

பெயரைக் கூப்பிட்டபோது சஞ்சீவன் எழும்பவில்லை. இரண்டாம் தரம் கூப்பிட்டார்கள். பக்கத்திலிருந்த டிலானி முழங்கையால் தட்டித்தான் எழுப்பினார். வழமையாகத் தலைவர்தான் சான்றிதழ் கொடுப்பார். அன்றைக்கு இராஜதுரை, இருபது வருடமாக வேறெந்தக் கைக்கும் எந்தச் சான்றிதழையும் விட்டுக்கொடுக்காத மனிதர், செயலாளர் கொடுக்கட்டும் என்று பின்னால் போய்விட்டார். பொன்னாடையையும் அவரையே போடச் சொன்னார். புனிதவதி சான்றிதழோடு திருத்திய தாளையும் சேர்த்துக் கொடுத்து, பொன்னாடையைப் போட்டார். கலியாணத்தன்று அவர்களுக்கு மாலை கிடைக்கவில்லை என்பது பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?" என்று கேட்டார் புனிதவதி.

"சொன்னா நீர் பாஸ் பண்ணி விட்டிடுவீர்," என்றார் சஞ்சீவன்.

"உங்கடை அப்பான்ரை காணி."

"தெரியும்."

"கொண்டுபோய்க் குடுங்கோ. பதினைஞ்சாந் திகதிக்கு முன்னம் குடுத்துப் போடுங்கோ."

"என்ரை விடை எல்லாம் பிழையப்பா," என்றார் அவர். "நீர் சரி போட்டிருக்கிறீர்."

"திருத்தினது நான்," என்றார் புனிதவதி.

படம் எடுக்கிறவர் இரண்டு பேரையும் நெருங்கி நிற்கச் சொன்னார். நின்றார்கள். நேராகப் பார்க்கச் சொன்னார், அதை இருவரும் கேட்கவில்லை. பன்னிரண்டானது. அந்தப் படத்தில் புனிதவதி தனியே நிற்கிறார், பக்கத்தில் ஒரு ஆளுக்கு அளவாக இடம் விட்டு, அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டு. பிறகு கோப்பைகளைக் கழுவி, கதிரைகளை மடித்து, அலுமாரியைத் திறந்து தும்புத்தடியை எடுத்து நிலவறையைக் கூட்டினார். நாங்கள் கூட்டுகிறோம் என்று சொல்ல எங்களில் ஒருவருக்கும் துணிவு வரவில்லை. சொல்லியிருக்கவேண்டும்.

சொன்ன திகதிக்குள் சஞ்சீவன் விண்ணப்பித்தார். பெப்ரவரியில் காணி கிடைத்தது. சான்றிதழில் இருந்த பெரிய முத்திரையைப் பார்த்துவிட்டு அதிகாரி எழுந்து நின்று கையெழுத்து வைத்தார் என்று ஊரில் கதை. மே மாதம் வெங்காயம் நட்டார். ஒன்றரை ஏக்கரை ஊர் உலகம் நடுகிற மாதிரி நட்டு, எழுபது நாளில் கிண்டி விற்றார், வயிறு இருக்கிறதே. கிணற்றடியில் மிச்சமிருந்த அரை ஏக்கரைத் தன் பரீட்சைத் தாளைப் பார்த்து நட்டார். முழத்துக்கு ஒன்று. ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் இரண்டரை மணிக்கு மட்டும், உச்சி வெயில் ஆறுமுன்னம், தண்ணீர் இறைத்தார். பைத்தியம் என்றார்கள், கருகிவிடும் என்றார்கள். அவர் தாளை எடுத்துக் காட்டினார். பிரான்சில் பத்துக்குப் பத்துப் போட்ட விடை, நீங்கள் யார் பிழை சொல்ல என்றார்.

கருகவில்லை. எழுபதாம் நாள் ஒன்றரை ஏக்கரிலும் தாள் சாய்ந்தபோது அந்த அரை ஏக்கர் பச்சையாக நின்றது. நூறாம் நாளும் நின்றது. மாரிமழை வந்து வாய்க்கால் உடைத்துப் பாய்ந்தபோதும் ஒன்றுகூட அழுகவில்லை. விவசாய அதிகாரிகள் வந்து அளந்து, ஒரு தாளை முறித்து மணந்து பார்த்து, பயிர் நல்ல நிலையில், முதிர்ச்சி அடையவில்லை என்று எழுதிக்கொண்டு போனார்கள். அந்துவானுக்குப் படம் அனுப்பினார்கள். அவர் கண்ணாடியை மாற்றிப் போட்டுப் பார்த்துவிட்டு, "நா படிச்ச ரப்போர் எதுலயும் இது இல்ல. ஆனா செடி நல்லாத்தான் இருக்கு," என்றார். இன்றைக்கு ஒரு வருடம் ஆகப்போகிறது, தாள் சாயவில்லை. அந்தப் பக்கம் போகிறவர்கள் வரம்பில் சைக்கிளை நிறுத்தி ஒரு நிமிடம் பார்த்துவிட்டுப் போகிறார்கள். ஊரில் இப்போது யாரும் சிரிப்பதில்லை.

புனிதவதி நான்காம் தரம் மொழிப் பரீட்சை எழுதினார், நான்கு புள்ளியால் தவறினார். ஐந்தாவதற்குப் பெயர் கொடுத்திருக்கிறார். ரயிலில் பிரெஞ்சுப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு நித்திரையாகிப் போவதை நாங்கள் கண்டிருக்கிறோம், விடிய முன்னம் வேலைக்குப் போகிற மனுசி என்ன செய்வார். போனில் அவர்கள் இப்போதும் கதைக்கிறார்கள். சஞ்சீவன் போனைக் கிணற்றடிப் பக்கம் திருப்பிப் பிடிப்பார், இவர் பார்ப்பார்.

ஒன்றியத்தின் அடுத்த செயலமர்வு வரும் மாதம் இரண்டாவது ஞாயிறு, காலை பத்து மணி, அதே நிலவறை. பொருள்: அறுவடையும் அறுவடைக்குப் பின்னரான பராமரிப்பும். பதினான்கு பேர் பெயர் பதிந்திருக்கிறார்கள், எல்லோரும் கொன்றைவெளி. அலுமாரிக்குள்ளிருந்து தும்புத்தடியை முதல் நாளே எடுத்து வெளியே வைத்துவிடுவோம், வருகிறவர்களின் காலில் தடக்கக் கூடாது. கேள்வித்தாள் ஆயத்தம். திருத்துவதற்கான விடைப்பட்டியலும் செயலாளர் கையெழுத்தில் ஆயத்தமாக இருக்கிறது, நிர்வாகக் கூட்டத்தில் வாசித்தார், ஒருவரும் மறுக்கவில்லை. பத்தாவது கேள்வி, வெங்காயம் அறுவடைக்கு ஆயத்தம் என்பதை எப்படி அறிவீர். அதற்கு இரண்டு விடை எழுதியிருக்கிறார். தாள் சாய்ந்த பிறகு. அல்லது, அவ வந்த பிறகு. எதை எழுதினாலும் ஒரு புள்ளி.